பிரைமரியை ரீஸ்டார்ட் செய்ததும் ஸ்டாண்ட்பை ஏன் நின்றுபோகிறது?

கேள்வி சுருக்கமாக இது: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், 13ஆம் பதிப்பு, ஒரு பிரைமரி (எழுத்தை ஏற்கும் முதன்மைச் சர்வர்), இரண்டு ஸ்டாண்ட்பை (அதன் தரவைத் தொடர்ந்து நகலெடுக்கும் சர்வர்கள்). இயங்குதளத்துக்குப் பேட்ச் போட வேண்டி பிரைமரியை மட்டும் ரீஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டு ஸ்டாண்ட்பையும் நின்றுவிட்டன. அவற்றை யாரும் தொடவே இல்லை, எந்த அமைப்பையும் மாற்றவும் இல்லை. லாகைப் பார்த்தால், மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் இங்கே 100, பிரைமரியில் 300, குறைவாக இருப்பதால் ஹாட் ஸ்டாண்ட்பை (நகலெடுத்துக்கொண்டே வாசிக்கவும் விடும் நிலை) முடியாது என்ற பொருளில் ஒரு வரி. ஸ்டாண்ட்பைக்கு 20 கனெக்‌ஷன்கூட வருவதில்லை, பிரைமரியின் எண்ணிக்கை எதற்கு இங்கே வந்து தடுக்கிறது, இதுபோல இன்னும் எவையெல்லாம் ஒளிந்திருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஸ்டாண்ட்பைகளை எழுப்புங்கள், காரணத்தை அப்புறம் பேசலாம். தரவு எதுவும் கெடவில்லை. இரண்டிலும் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை 300 ஆக்கி ஸ்டார்ட் செய்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் இதை நாளைக்குத் தள்ளாதீர்கள். ரெப்ளிகேஷன் ஸ்லாட் (ஸ்டாண்ட்பை எதுவரை பெற்றது என்று பிரைமரி வைத்துக்கொள்ளும் குறிப்பு) வைத்திருந்தால், ஸ்டாண்ட்பை திரும்பி வரும்வரை பிரைமரி தன் வால் கோப்புகளை அழிக்காமல் சேர்த்துக்கொண்டே போகும். (மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவேட்டைத்தான் வால் என்கிறோம்.) டிஸ்க் நிரம்பிவிட்டால் பிரைமரியும் படுத்துவிடும். ஸ்லாட் இல்லையென்றால் சிக்கல் வேறு பக்கம்: வால் கீப் சைஸ் அளவைத் தாண்டியதும் பழைய கோப்புகள் போய்விடும், வால் கோப்புகளைத் தனியே சேமிக்கும் ஆர்க்கைவும் இல்லையென்றால் ஸ்டாண்ட்பையை அடியிலிருந்து கட்ட வேண்டியதுதான்.

பதற்றத்தில் பலர் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரைமரியை மறுபடி 100க்கு இறக்கி இன்னொரு ரீஸ்டார்ட் கொடுப்பார்கள். அதனால் பலனில்லை. 300 என்ற செய்தி ஏற்கெனவே வால் ஓட்டத்துக்குள் எழுதப்பட்டுவிட்டது. ஸ்டாண்ட்பை அந்த இடத்தைக் கடந்துதான் அடுத்து வரும் 100ஐப் பார்க்க முடியும், கடக்க விடாமல் தடுப்பதே அந்த 300தான். ஸ்டாண்ட்பையில் நினைவகம் பற்றாமல் 300 வைக்கவே முடியாது என்றால், ஹாட் ஸ்டாண்ட்பை என்ற அமைப்பை ஆஃப் செய்து ஸ்டார்ட் செய்யலாம். அப்போது இந்தச் சோதனை நடக்காது, வால் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் யாரும் உள்ளே வந்து கேள்வி கேட்க முடியாது. அவசரத்துக்கு நல்ல வழி.

சரி, காரணத்துக்கு வருவோம். போஸ்ட்கிரெஸின் அமைப்புக் கோப்புகள் ரெப்ளிகேஷனில் போவதில்லை. பிரைமரியில் கோப்பைத் திருத்தினால் ஸ்டாண்ட்பைக்கு அது தெரியாது. ஆனால் சில அமைப்புகளின் மதிப்பு வால் வழியாகப் போகிறது. அவற்றில் ஸ்டாண்ட்பை தன்னுடையது குறைவா என்று ஒப்பிடுபவை ஐந்து: மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ், மேக்ஸ் ஒர்க்கர் ப்ராசஸஸ், மேக்ஸ் வால் செண்டர்ஸ், மேக்ஸ் பிரிப்பேர்டு டிரான்ஸாக்‌ஷன்ஸ், மேக்ஸ் லாக்ஸ் பெர் டிரான்ஸாக்‌ஷன். பிரைமரி எழும்போது இவற்றில் ஏதாவது முன்பைவிட மாறியிருந்தால், அந்த மாற்றத்தை ஒரு தனிப் பதிவாக வாலில் எழுதும். ஸ்டாண்ட்பை அதைப் படித்துத் தன் கட்டுப்பாட்டுக் கோப்பில் குறித்துக்கொண்டு, தன்னிடம் இருக்கும் மதிப்போடு ஒப்பிடும். தன்னுடையது குறைவு என்றால் நின்றுவிடும்.

ஸ்டாண்ட்பைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்டாண்ட்பையில் ஒரு செலக்ட் ஓடும்போது, எந்த ரோவைக் காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டும். அதற்கு, பிரைமரியில் அந்தக் கணத்தில் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸாக்‌ஷன்கள் எவை என்று ஸ்டாண்ட்பைக்குத் தெரிய வேண்டும். அவற்றின் எண்களை அது தன் பகிர்வு நினைவகத்தில் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது. பிரைமரியில் யாராவது டேபிளை ஆல்டர் செய்தால் அந்த முழுப் பூட்டையும் இங்கே பிடித்துவைக்க வேண்டும். இந்தப் பட்டியலுக்கும் பூட்டு அட்டவணைக்கும் இடம், சர்வர் எழும்போதே அளந்து ஒதுக்கப்படுகிறது, ஓடும்போது பெருக்க முடியாது. பூட்டு அட்டவணையின் அளவு ஏறக்குறைய மேக்ஸ் லாக்ஸ் பெர் டிரான்ஸாக்‌ஷனை, கனெக்‌ஷன்களும் பிரிப்பேர்டு டிரான்ஸாக்‌ஷன்களும் சேர்ந்த தொகையால் பெருக்கினால் கிடைப்பது. யாரும் கைவைக்காத அமைப்பில் 64 தடவை 100, அதாவது 6,400 பூட்டுகள். பிரைமரி 300க்குப் போனால் 19,200 வரை பிடிக்கலாம். 6,400க்கு இடம் வைத்திருக்கும் ஸ்டாண்ட்பை, என்றோ ஒருநாள் பெரிய வேலையின் நடுவே இடமில்லாமல் திணறுவதைவிட, இப்போதே நின்றுவிடுவது மேல் என்று அதை எழுதியவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

மேக்ஸ் வால் செண்டர்ஸ் இந்தப் பட்டியலில் சேர்ந்தது 12ஆம் பதிப்பில். அதற்கு முன் வால் செண்டர்கள் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் கணக்குக்குள்ளேயே அடங்கியிருந்தன. 14ஆம் பதிப்பிலிருந்து இன்னொரு நல்ல மாற்றம்: ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாண்ட்பை இந்தப் பதிவைப் பார்த்ததும் செத்துப்போகாமல், எச்சரிக்கை எழுதிவிட்டு வால் ஓட்டத்தை மட்டும் நிறுத்திவைக்கும். படிக்க வருபவர்கள் பழைய தரவைப் படித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அங்கே ரெஸ்யூம் கொடுத்தால் சர்வர் நின்றுவிடும், மதிப்பைச் சரிசெய்து ரீஸ்டார்ட் செய்வது ஒன்றே வழி. நீங்கள் 14க்கோ மேலோ போனால், சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கண்காணிப்பு போதாது என்பதை நினைவில் வையுங்கள். உயிரோடு இருக்கும், தரவு மட்டும் மணிக்கணக்கில் பின்தங்கிக்கொண்டே போகும்.

இப்போது உங்களுடைய உண்மையான கேள்வி: யாரும் எதையும் மாற்றவில்லையே? மாற்றியிருக்கிறார்கள், எப்போதோ. இந்த ஐந்து அமைப்புகளும் ரீஸ்டார்ட் செய்தால்தான் நடைமுறைக்கு வரும். மாதக்கணக்கில் முன்னால் ஒருவர் 300 என்று எழுதி, ரீலோட் (சர்வரை நிறுத்தாமல் அமைப்புக் கோப்பை மறுபடி படிக்கவைப்பது) மட்டும் கொடுத்து, அடுத்த பராமரிப்பு நேரத்தில் தானாக வந்துவிடும் என்று விட்டிருப்பார். நேற்றுப் பேட்ச் போட்டவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. எல்லா அமைப்புகளையும் காட்டும் பிஜி செட்டிங்ஸ் காட்சியில் பெண்டிங் ரீஸ்டார்ட் என்று ஒரு பத்தி இருக்கிறது, 9.5ஆம் பதிப்பிலிருந்தே உண்டு. அது உண்மை என்று காட்டும் வரிகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். எந்தச் சர்வரையும் ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் நான் தவறாமல் போடும் கேள்வி அது. ஒரு வரியாவது வந்தால், இந்த ரீஸ்டார்ட்டில் வேறு ஏதோவும் மாறப்போகிறது என்று அர்த்தம்.

மாற்றும் வரிசை எளிது. கூட்டுவதாக இருந்தால் எல்லா ஸ்டாண்ட்பையிலும் முதலில் கூட்டி ரீஸ்டார்ட், கடைசியில் பிரைமரி. குறைப்பதாக இருந்தால் பிரைமரி முதலில், அந்தப் பதிவை எல்லா ஸ்டாண்ட்பையும் ஓட்டி முடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் அவற்றில் குறைக்க வேண்டும். ஒரு ஸ்டாண்ட்பையிலிருந்து இன்னொன்று தொங்குகிறது என்றாலும் கணக்கு இதேதான், எது எழுதுகிறதோ அதுதான் பிரைமரி.

உங்களிடம் இரண்டு ஸ்டாண்ட்பை இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒன்றில் மட்டும் 500 வைத்துவிடாதீர்கள். அதிகமாக இருந்தால் பிழை வராது என்பது உண்மைதான், அது ஸ்டாண்ட்பையாக இருக்கும்வரை. ஃபெயில்ஓவர் (பிரைமரி போனதும் ஸ்டாண்ட்பை பொறுப்பேற்பது) நடந்து அதுவே பிரைமரியானால், அந்தக் கணத்தில் 500 என்று வாலில் எழுதும். 300 வைத்திருக்கும் மற்ற ஸ்டாண்ட்பை, ஏற்கெனவே ஒரு சர்வரை இழந்த அதே நேரத்தில், நின்றுபோகும். இந்த ஐந்தும் எல்லாச் சர்வரிலும் ஒரே எண்ணாக இருக்கட்டும்.

லாகில் கத்திச் சொல்லும் பொருத்தமின்மை இந்த ஐந்துதான். அதனால் இவை பெரிய பயமில்லை. என்னைக் கவலைப்படவைப்பவை, ஃபெயில்ஓவர் நாள்வரை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கிடப்பவை. அதில் ஒன்றை என் கண்ணால் பார்த்ததால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓர் இடத்தில் பிரைமரி போனது, ஸ்டாண்ட்பை சில நொடிகளில் பொறுப்பேற்றது. எல்லோருக்கும் நிம்மதி. செலக்ட் ஓடுகிறது, லாகில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் செயலி மட்டும் அசையவில்லை. யார் என்ன செய்கிறார்கள் என்று காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியைப் பார்த்தால் வரிசையாகக் கமிட், கமிட், கமிட், எல்லாமே சிங்க் ரெப் என்ற காத்திருப்பில், அதாவது ஒரு ஸ்டாண்ட்பையின் ஒப்புதலுக்காக. நின்று யோசித்தபோது புரிந்தது. ஸ்டாண்ட்பையைக் கட்டியபோது பிரைமரியின் அமைப்புக் கோப்பை அப்படியே எடுத்துவைத்திருந்தார்கள். அதில் சிங்க்ரனஸ் ஸ்டாண்ட்பை நேம்ஸ் என்ற இடத்தில் இந்த ஸ்டாண்ட்பையின் பெயரே இருந்தது. ஸ்டாண்ட்பையாக இருக்கும்வரை அந்த வரிக்கு வேலையே இல்லை, இரண்டு வருடம் கிடந்திருக்கிறது. பிரைமரியான நொடியிலிருந்து ஒவ்வொரு கமிட்டும், இந்தச் சர்வரின் சொந்தப் பெயரில் ஒரு ஸ்டாண்ட்பை வந்து தரவைப் பெற்றுக்கொண்டேன் என்று சொல்லட்டும் எனக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டது. அதைக் காலியாக்கி ரீலோட் கொடுத்ததும் தேங்கியிருந்த கமிட் அத்தனையும் ஒரே மூச்சில் முடிந்தன. சரிசெய்ய ஒரு நிமிடம்தான் ஆனது. கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம்.

இங்கே இரண்டு கோப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன என்பதைக் கவனியுங்கள். ஒன்றாக இருந்ததுதான் பிழை. ஒப்பிட்டுப் பார்க்கும்போது, எது ஒன்றாக இருக்க வேண்டும், எது வேறாக இருக்க வேண்டும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, யார் எந்த முகவரியிலிருந்து நுழையலாம் என்று சொல்லும் பிஜி எச்பிஏ கோப்பு. இதுவும் ரெப்ளிகேஷனில் போகாது. பிரைமரியில் புதிய செயலி சர்வருக்கு ஒரு வரி சேர்த்து ரீலோட் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஃபெயில்ஓவர் ஆனதும், புதிய பிரைமரி அந்த முகவரியை உள்ளே விடாது. யூசரும் பாஸ்வேர்டும் கேட்டலாகில் (தரவுத்தளத்துக்குள்ளேயே உள்ள உள் அட்டவணைகளில்) இருப்பதால் அவை வந்துசேர்ந்திருக்கும், கதவு மட்டும் பூட்டியிருக்கும்.

வால் கோப்புகளை ஆர்க்கைவுக்கு அனுப்பவைக்கும் ஆர்க்கைவ் மோடும் அப்படித்தான். ஸ்டாண்ட்பையில் ஆஃப் என்று இருந்தால், பிரைமரியான பிறகு வால் கோப்புகள் எதுவும் ஆர்க்கைவுக்குப் போகாது. பிழை வராது, செயலி சந்தோஷமாக ஓடும், ஆனால் அந்த நிமிடத்திலிருந்து குறிப்பிட்ட நேரத்துக்கு மீட்டெடுக்கும் வசதி உங்களிடம் இல்லை. அதை ஆன் செய்ய ரீஸ்டார்ட் வேண்டும், ஃபெயில்ஓவர் முடிந்த கையோடு அதற்கு யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே ஸ்டாண்ட்பையிலும் முதலிலிருந்தே ஆன் வையுங்கள். ஆன் என்று இருந்தாலும், ஸ்டாண்ட்பையாக இருக்கும்வரை அது எதையும் ஆர்க்கைவ் செய்யாது. அப்போதும் செய்ய வேண்டுமென்றால்தான் ஆல்வேஸ்.

மதிப்புகள் எங்கே ஒளிகின்றன என்பதும் குழப்பமான விஷயம். ஆல்டர் சிஸ்டம் கட்டளையில் போட்டது தரவு டைரக்டரியில் உள்ள ஆட்டோ கான்ஃப் கோப்பில் விழும், பிரதான அமைப்புக் கோப்பில் எழுதியதை அது மீறிவிடும், ரெப்ளிகேஷனில் போகாது. ஆல்டர் ரோல், ஆல்டர் டேட்டாபேஸ் வழியாக செட் செய்தது கேட்டலாகில் விழும், அதனால் ஸ்டாண்ட்பைக்கும் போய்விடும். பெயரைக் கேட்டால் மூன்றும் ஒரே ரகம் போலத் தோன்றும், நடத்தை நேர்மாறு. இதோடு, ஸ்டாண்ட்பை கட்டப் பயன்படும் பிஜி பேஸ்பேக்கப் கட்டளை தரவு டைரக்டரியில் இருப்பதை எல்லாம் நகலெடுக்கும். டெபியன், உபுண்டு தொகுப்புகளில் பிரதான அமைப்புக் கோப்பு தரவு டைரக்டரிக்கு வெளியே இருப்பதால் அது வராது, ஆட்டோ கான்ஃப் மட்டும் வந்துவிடும். ஆக, புதிதாகக் கட்டிய ஸ்டாண்ட்பையில் பாதி அமைப்பு பிரைமரியுடையது, பாதி தொகுப்பின் இயல்பு மதிப்பு. 100 என்ற எண் உங்கள் ஸ்டாண்ட்பைக்கு வந்த வழி இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம், இயல்பு மதிப்பு அதுதான். பழைய பிரைமரியைப் புதியதோடு மறுபடி இணங்கவைக்கும் பிஜி ரீவைண்ட் ஓட்டினாலும் எச்சரிக்கை: தரவு டைரக்டரியில் உள்ள அமைப்புக் கோப்புகளையும் மூலச் சர்வரிலிருந்து எடுத்து மேலெழுதிவிடும். ஓட்டும் முன் அவற்றைத் தனியாக எடுத்துவையுங்கள்.

இனி, போஸ்ட்கிரெஸின் எந்த அமைப்புக் கோப்பிலும் தெரியாத ஒரு பொருத்தமின்மை. எல்லாவற்றிலும் இதுதான் ஆபத்தானது. பிரைமரி பழைய லினக்ஸ், ஸ்டாண்ட்பை புதிய லினக்ஸ், இரண்டிலும் போஸ்ட்கிரெஸ் பதிப்பு ஒன்றே. ரெப்ளிகேஷன் எந்தப் பிழையும் இல்லாமல் ஓடும். ஆனால் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை போஸ்ட்கிரெஸ் வழக்கமாக இயங்குதளத்தின் ஜிலிப்சி நூலகத்திடம் கேட்கிறது. 2018இல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த விதிகளைப் பெரிய அளவில் மாற்றியது. சோதிக்க ஒரு சின்ன வழி: '1-1', '11' என்ற இரண்டு வரிகளை அமெரிக்க ஆங்கில யூடிஎஃப்-8 லொகேலில் சார்ட் கட்டளைக்குக் கொடுங்கள். பழைய நூலகம் 11ஐ முதலில் தரும், புதியது 1-1ஐ முதலில் தரும். இண்டெக்ஸ் என்பது வரிசைப்படுத்தி அடுக்கிய மரம். பிரைமரி பழைய விதியில் அடுக்கிய மரம் பைட்டுக்கு பைட் ஸ்டாண்ட்பைக்கு வருகிறது, ஸ்டாண்ட்பை அதில் புதிய விதியில் தேடுகிறது. இடப்பக்கம் இருப்பதை வலப்பக்கம் போய்த் தேடினால் கிடைக்காது. ரோ டேபிளில் இருக்கும், தேடினால் இல்லை என்று வரும். அந்த ஸ்டாண்ட்பை பிரைமரியானால் இன்னும் மோசம், இருப்பது தெரியாததால் யூனிக் இண்டெக்ஸிலும் ஒரே மதிப்பு இரண்டு தடவை ஏறிவிடும்.

சி கொலேஷன் (பைட் மதிப்புப்படியே வரிசைப்படுத்தும் விதி) என்றால் இந்தத் தொல்லை இல்லை. மற்றபடி இரு பக்கமும் ஜிலிப்சி பதிப்பு என்ன என்று இன்றே பாருங்கள். ஏம்செக் நீட்டிப்பிலுள்ள பிடி இண்டெக்ஸ் செக்கை ஸ்டாண்ட்பையிலேயே ஓட்டலாம், வரிசை குலைந்த இண்டெக்ஸைக் காட்டிக்கொடுக்கும். இயங்குதளத்தை மேம்படுத்த ரெப்ளிகேஷனையே வழியாகப் பயன்படுத்தியிருந்தால், பொறுப்பு மாற்றிய உடனே எழுத்து வகைப் பத்திகளின் இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்யாமல் செயலியை உள்ளே விடாதீர்கள்.

வேறாக இருப்பது நியாயமான அமைப்புகளும் உண்டு. அறிக்கை எடுக்கும் ஸ்டாண்ட்பையில் மேக்ஸ் ஸ்டாண்ட்பை ஸ்ட்ரீமிங் டிலேவை (ஓடும் கேள்விக்காக வால் ஓட்டம் காத்திருக்கும் நேரத்தை) இயல்பான 30 நொடியிலிருந்து உயர்த்துவார்கள், வரிசைப்படுத்தல் போன்ற வேலைக்கான நினைவக அளவான ஒர்க் மெம்மைக் கூட்டுவார்கள். தவறில்லை. அந்தச் சர்வரே நாளை பிரைமரியாகக்கூடும் என்றால் மட்டும் ஒர்க் மெம்மை மறுபடி யோசியுங்கள். 300 கனெக்‌ஷன் வரும் இடத்தில் அந்த மதிப்பு நினைவகத்தைத் தின்றுவிடும். தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஷேர்டு பஃபர்ஸ் குறைவாக இருந்தால் ரெப்ளிகேஷனுக்கு ஒன்றும் ஆகாது, பொறுப்பேற்ற பிறகு வேகம் குறையும்.

ஒப்பிட நான் செய்வது இதுதான். ஒவ்வொரு சர்வரிலும் ஒரே யூசராக, ஒரே டேட்டாபேஸில் நுழைந்து, பிஜி செட்டிங்ஸிலிருந்து பெயர், மதிப்பு, பெண்டிங் ரீஸ்டார்ட் மூன்றையும் பெயர் வரிசையில் எடுத்துக் கோப்பில் போட்டு டிஃப் பார்ப்பேன். ஒரே யூசர் என்று அழுத்திச் சொல்லக் காரணம், ரோலுக்கென்று செட் செய்த மதிப்புகளும் அதில் கலந்துவரும். சூப்பர் யூசர் அல்லது எல்லா அமைப்பையும் படிக்கும் உரிமையுள்ள ரோல் வேண்டும், இல்லையென்றால் சில வரிகள் காட்டப்படாது. வேறாக இருக்கலாம் என்று தெரிந்தவற்றை ஒரு விலக்குப் பட்டியலில், ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். பட்டியலில் இல்லாத வேறுபாடு வந்தால் அன்றே விசாரணை. எச்பிஏ கோப்பை இதோடு தனியாக ஒப்பிட வேண்டும்.

ஸ்டாண்ட்பை எழவே மறுக்கும்போது உள்ளே போய்க் கேட்க முடியாது. அப்போது பிஜி கன்ட்ரோல்டேட்டா கட்டளையை ஸ்டாண்ட்பையின் தரவு டைரக்டரியில் ஓட்டினால், பிரைமரியிடமிருந்து அது கடைசியாகக் குறித்துக்கொண்ட மதிப்புகள் தெரியும். போஸ்ட்கிரெஸ் கட்டளையைப் பெரிய எழுத்து சி என்ற தெரிவோடு, அமைப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டினால், இந்தச் சர்வர் எந்த மதிப்போடு எழப்போகிறது என்று சொல்லும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

ஃபெயில்ஓவரைத் தானாக நடத்தும் பேட்ரோனி போன்ற கருவி பயன்படுத்தினால் இதில் ஒரு பகுதி உங்கள் கையைவிட்டுப் போகும், நல்லதுக்குத்தான். மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் போன்றவற்றை அது கிளஸ்டர் முழுக்க ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, போஸ்ட்கிரெஸை எழுப்பும்போது கட்டளை வரியிலேயே கொடுத்துவிடுகிறது. தனிச் சர்வரில் கோப்பைத் திருத்தினாலும் எடுபடாது. ஆனால் ஜிலிப்சி பதிப்பை அது உங்களுக்காகப் பார்த்துக்கொள்ளாது.

உங்கள் நிலைமைக்கு: இரண்டு ஸ்டாண்ட்பையும் எழுந்து பின்தங்கல் தீர்ந்ததும், மூன்று சர்வரிலும் பெண்டிங் ரீஸ்டார்ட் பாருங்கள், பிறகு டிஃப், பிறகு எச்பிஏ, சிங்க்ரனஸ் ஸ்டாண்ட்பை நேம்ஸ், ஆர்க்கைவ் மோட். அதெல்லாம் சரியானபின், ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு நேரத்தில், பழைய பிரைமரி நல்லபடியாக இருக்கும்போதே பொறுப்பை மாற்றி, ஒரு நாள் முழுக்க ஸ்டாண்ட்பையைப் பிரைமரியாக ஓட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரம் போதாது. இரவு பேக்கப், ஆர்க்கைவ், அறிக்கை வேலைகள் எல்லாம் ஒரு சுற்று வந்தால்தான் விடுபட்டவை தெரியும்.